ஆசிரியர் மேற்பார்வையில்

போன் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட்டின் கூரைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பத்தாவது மாடிக் கதவு சில நாட்களாகப் பாதி மூடுவதும், யோசிப்பதும், மறுபடி திறப்பதுமாக இருந்தது. அதற்குப் பேய் பிடித்துவிட்டது என்று குடியிருப்பில் சொல்லிச் சிரித்தார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கதவு ஓடுகிற உருளை தேய்ந்திருந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தி, திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் எழுத்தர்.

"சார், உங்க பொண்ணு விழுந்துட்டா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கோம். உடனே கிளம்பி வாங்க."

"எங்கேருந்து விழுந்தா?"

"பிரமிட்லேருந்து சார். விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நிப்பாங்கல்ல, அதுலேருந்து."

"சரி" என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டார். மீதித் திருகாணிகளை முறுக்கினார். கதவைக் கையால் தள்ளி மூடித் திறந்து பார்த்தார். கூரையிலிருந்து இறங்கி, மின்விசையைப் போட்டு, கீழே வந்து காவல்காரரிடம், "இனிமே ஒழுங்கா ஓடும்" என்று சொல்லிவிட்டுத்தான் பைக்கை எடுத்தார். பாதி வழியில், சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. உறைத்ததே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அவர் கிளம்பினார்.

மகள் எட்டாம் வகுப்பு. ஒல்லிக்குச்சி. ஓரிடத்தில் உட்காரமாட்டாள், காதோரம் வந்து நொய் நொய்யென்று பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் தாய்மாமன் அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தார். அது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை பரவி, ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எடை குறைவானவள் உச்சியில் நிற்க வேண்டும் என்று விளையாட்டு டீச்சர் தேடியபோது வகுப்பே சேர்ந்து அவளைக் கை காட்டியிருக்கிறது. அன்று மாலை அவள் கட்டில்மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் விரித்து, "இப்படித்தான்ப்பா நிக்கணும். முகத்துல சிரிப்பு இருக்கணும். பயம் தெரியக்கூடாது" என்று காட்டினாள். மின்விசிறி கையில் பட்டுவிடப் போகிறதே என்று அவர் எழுந்துபோய் அதை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர், ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு உடைந்து நரம்பை அழுத்துகிறது. உடனே அறுவை சிகிச்சை செய்து, இருபக்கமும் கம்பி வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும்.

"என்ன சைஸ் திருகாணி?" என்று கேட்டார் மெக்கானிக்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி, மெக்கானிக்கின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கடைச் சீருடையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். டாக்டர் கோபப்படாமல் அளவைச் சொன்னார். மெக்கானிக் தலையாட்டினார். அந்த அளவு தனக்குத் தெரிந்ததுதான் என்பது மட்டும் அப்போதைக்கு அவருக்குப் பிடிமானமாக இருந்தது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. கொசு கண் விழித்து முதலில் கேட்டது, "மத்தவங்களுக்கு அடிபட்டுச்சா?" என்பதுதான். ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்று அம்மா சொன்னாள். அடுத்து, "என் கால மூடி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். மூடவில்லை. முழங்காலுக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரலாம் என்றார் டாக்டர். எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் சும்மா படுத்திருந்தால் வராது. பல மாதம் தங்கி, நிற்கவும் நடக்கவும் பழக வேண்டும். அதற்கென்று ஊர்க்கோடியில் ஒரு மையம் இருக்கிறது, அது தனியார் இடம். செலவைச் சொன்னபோது மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து வைத்தாலும் அது எட்டாக் கனி.

மறுநாள் தலைமை ஆசிரியை ஒரு பை பழத்தோடு வந்தார். கட்டிலருகே நின்று கொசுவின் தலையைத் தடவிவிட்டு, பெற்றோரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார்.

"பணத்தைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்க எல்லாருக்கும் கூட்டுக் காப்பீடு இருக்கு. விளையாட்டு, பயிற்சி, விழா எல்லாமே அதுல அடங்கும். அந்த மையத்துச் செலவு முழுக்க அவங்களே பாத்துப்பாங்க. விபத்து ஆசிரியர் மேற்பார்வையில நடந்திருக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை. டீச்சர் பக்கத்துலயேதான் நின்னுருக்காங்க. அறிக்கையும் எழுதிக் குடுத்துட்டாங்க."

மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மெக்கானிக் பழப்பையை வாங்கிக்கொண்டார்.

விளையாட்டு டீச்சர் அதற்கடுத்த நாள் தனியாக வந்தாள். முப்பது வயதிருக்கும். எப்போதும் கழுத்தில் தொங்கும் விசில் இல்லாமல் அவளை அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. கொசு தூங்கிக்கொண்டிருந்தாள், மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். டீச்சர் கட்டிலருகே போகவில்லை. வாசலிலேயே நின்று, "சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

தாழ்வாரத்தின் கடைசியில், அழுக்குத் துணி ஏற்றும் வண்டிகள் நிற்கும் இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"நான் அங்க இல்ல சார்."

அவர் பக்கத்து வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார்.

"மெத்தை விரிப்பு எல்லாம் ஸ்டோர் ரூம்ல பூட்டிக் கெடக்கு. சாவி ஹெச்.எம். கிட்ட. கேட்டு வாங்கிட்டு வரலாம்னு மாடிக்குப் போனேன். நான் வர்ற வரைக்கும் யாரும் ஏறாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அதுங்க ஏறிடுச்சுங்க. சத்தம் கேட்டு ஓடி வந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பக்கத்துல நின்னேன்னு எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். எழுதலன்னா உங்க பொண்ணுக்கு ஒண்ணும் வராது. ஆனா உங்களுக்குத் தெரியாம இது நடக்கக் கூடாதுன்னு தோணிச்சு. நீங்க வேண்டாம்னு சொல்லுங்க, இன்னைக்கே போய் மாத்தி எழுதிக் குடுத்துடறேன். வேலை போனா போகுது."

"சரி" என்றார் மெக்கானிக்.

"எதுக்கு சார் சரி? மாத்தணுமா, வேண்டாமா?"

அவருக்கே தெரியவில்லை. ஒரு பணியாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருவரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். வண்டி போனதும் அவர், "நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர்" என்றார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். திட்டுவார், அறைந்தாலும் அறைவார் என்று தயாராக வந்தவள் போலிருந்தது. ஒன்றுமே கிடைக்காமல் அவள் படியிறங்கிப் போனதைப் பார்க்கவே பாவமாக இருந்திருக்க வேண்டும். அவருக்குப் பாவமாகவும் இல்லை.

அன்று மாலை மனைவியிடம் சொன்னார். கொசுவுக்கு அப்போதுதான் வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், கண் மூடிக் கிடந்தாள். கட்டிலின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மனைவி.

"அந்தப் பொம்பளைய சும்மாவா விட்டீங்க?"

"வேற என்ன பண்ண?"

"நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிக் கேக்க வேண்டாமா? பெத்த வயிறு எரியுதுங்க. சாவி வாங்கப் போனாளாம், சாவி! புள்ளைங்கள அப்படியே நட்டாத்துல விட்டுட்டு!"

"மெத்தை எடுக்கத்தான் போயிருக்கா."

"வக்காலத்து வேற வாங்கறீங்களா? நான் போய் எல்லாத்தையும் சொல்றேன். அவ வேலையும் போகட்டும், அந்த ஹெச்.எம். வேலையும் போகட்டும்."

"சொன்னா அந்த மையத்துல இடம் கிடைக்காது."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சத்தம் வரவில்லை. அவர் எழுந்து அந்தப் பக்கம் போயிருக்கலாம். தோளில் கை வைத்திருக்கலாம். கட்டிலின் இரும்புக் கம்பியில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழக்கூட மாட்டேங்கறீங்களே," என்றாள் அவள், கொஞ்ச நேரம் கழித்து. "நீங்க மனுஷன்தானா?"

அந்தக் கேள்வியை அவரும் யோசித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலையில் எழுந்தார், பல் தேய்த்தார், வேலைக்குப் போய்விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாராவது சோறு போட்டால் சாப்பிட்டார். மச்சான் வந்து, "மாமா, தைரியமா இருங்க" என்று கட்டிப்பிடித்தபோது, மச்சான் சட்டையில் கிரீஸ் கறை இருக்கிறதே, எதில் பட்டிருக்கும் என்று எண்ணம் ஓடியது. மரத்துப்போன காலைக் குத்திப் பார்ப்பதுபோல் தன்னைத் தானே அவ்வப்போது குத்திப் பார்த்துக்கொண்டார். மகள் இனி ஓடமாட்டாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். யாரோ ஒருவருடைய மகள் என்றே கேட்டது.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரிக்க ஆள் வரப்போவதாகத் தகவல் வந்தது. டீச்சரை விசாரித்தாகிவிட்டது, தலைமை ஆசிரியையை விசாரித்தாகிவிட்டது, அடிபட்ட பிள்ளையின் வாயாலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம்.

"நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி. அவளுடைய கோபம் இதற்குள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. "டீச்சர் பக்கத்துலதான் நின்னாங்கன்னு சொல்லச் சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பா."

அவர் நகவெட்டியை எடுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கொசுவின் கால் நகங்கள் வளர்ந்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினார். முன்பெல்லாம் பாதத்தைத் தொட்டாலே கூச்சத்தில் துள்ளி உதைப்பாள். இப்போது ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள், அவர் வந்து உட்கார்ந்ததுகூடத் தெரியாதவளாக.

"கொசு."

"ம்?"

"நாளைக்கு ஒருத்தர் வருவாரு. உன்கிட்ட சில கேள்வி கேப்பாரு."

"என்ன கேள்வி?"

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சின்ன வாக்கியம்தான். பொய் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று இவளிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

"பத்தாவது மாடிக் கதவு இருக்கே," என்றார். "அது திரும்பவும் மக்கர் பண்ணுதாம்."

"பேய்ப்பா," என்றாள் கொசு, பக்கத்தைத் திருப்பியபடி. "நீ மந்திரிச்சுவிடு."

விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர். ஜலதோஷம் பிடித்து, கைக்குட்டையும் கையுமாக வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, "பயப்படாதேம்மா, எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா" என்று தொடங்கினார். அன்றைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி ஆரம்பித்தது, எத்தனை பேர் நின்றார்கள் என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"நீ விழறப்ப டீச்சர் எங்க நின்னாங்கம்மா?"

கொசு அவரையே பார்த்துச் சொன்னாள். "நான் கீழ பாக்கல சார். மேல ஏறினவங்க கீழ பாக்கக் கூடாது. பாத்தா தலை சுத்திடும். நேரா எதிர்ல, கொடிக்கம்பத்து நுனியைத்தான் பாத்துட்டே இருக்கணும்."

"அப்படின்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"டீச்சர்தான்."

"அவங்க குரலாவது கேட்டுச்சா?"

"எல்லாரும் கத்திட்டு இருந்தாங்க சார். யாரு குரல்னு தெரியல."

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டினார். கொசு தலையாட்டினாள். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று எழுந்தவர், தாழ்வாரத்துக்கு வந்ததும் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

மெக்கானிக்கின் கம்பெனியில் முன்பு ஒருவன் இருந்தான். லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கிப் பார்க்காமலே, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவன். லிஃப்ட் ஆட்களோடு தரை மட்டத்துக்குக் கீழே இறங்கி முட்டி நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனாலும் அவனை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அதன் பிறகு ஒருநாள் கடைத்தெருவில் அவன் எதிரே வந்து சிரித்தபோது, மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவனுடைய அந்தச் சிரிப்பு இப்போது ஏனோ கண்முன் வந்தது.

"நான் அன்னைக்கு வேலையில இருந்தேன் சார்," என்றார்.

"அது தெரியும். அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இங்கதான் இருக்கேன்."

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்கவில்லை. கதவுக்கு அப்பால் கட்டிலில் கிடந்த பெண்ணை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "வரேன் சார். உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா என்று மெக்கானிக்குக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

காப்பீடு கிடைத்தது. கொசுவை மையத்துக்கு மாற்றினார்கள். விளையாட்டு விழாவில் பிரமிட் இல்லாமல் ஓட்டப்பந்தயம் மட்டும் நடந்ததாக மச்சான் சொன்னார். டீச்சர் வேலையில்தான் இருந்தாள். வாரக் கடைசியில் மையத்துக்கு வந்து, கொசுவின் கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். முதல்முறை அவள் வந்தபோது மனைவி விறுக்கென்று எழுந்து வெளியே போய்விட்டாள். மறுமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளேயே இருந்தாள். பிறகொரு நாள், "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள், கேட்ட குரலில் அன்பு ஒன்றும் இல்லை. டீச்சர் வாங்கிக் குடித்தாள்.

இடது காலில் உணர்வு வந்தது. முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள் கொசு, அப்புறம் எரிகிறது என்றாள், அப்புறம் வலிக்கிறது என்று அழுதாள். வலிக்கிறது என்று அவள் அழுததற்கு டாக்டரும் மனைவியும் சிரித்துக்கொண்டே கண்ணீர் விட்டார்கள். வலது பாதம் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டு நடக்கப் பழக்கினார்கள். இனிமேல் அது இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் மதியம் மெக்கானிக் வேலை முடித்து வந்தபோது, கொசு பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் முறை வருவதற்குக் காத்திருந்தாள். அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? அம்மாகிட்டச் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"டீச்சர் அங்க இல்ல. எனக்குத் தெரியும். மேல ஏறி நின்னதும் பாத்தேன், அவங்க மாடி வராந்தாவுல ஹெச்.எம். ரூம் வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. முதுகு தெரிஞ்சுது."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு அந்தாளுகிட்ட..."

"நீயும் அம்மாவும் சண்டை போட்டது கேட்டுச்சுப்பா. ஊசி போட்டா உடனே தூங்கிடுவேனா என்ன?" என்றாள் கொசு. "நீ நகம் வெட்ட வந்தியே, அப்பவே நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ கதவைப் பத்திப் பேசினே. பாவமா இருந்துச்சு."

அவர் குனிந்து நாற்காலிச் சக்கரத்தில் சுற்றியிருந்த நூலை இழுத்து எடுத்தார்.

"டீச்சரால விழலப்பா. அவங்க அங்க நின்னிருந்தாலும் விழுந்திருப்பேன். கீழ் வரிசையில இருந்தவளுக்குத் தும்மல் வந்துடுச்சு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஹச்சுன்னு ஒண்ணு. அவ்ளோதான். முதுகு ஆடிச்சு, நடுவுல இருந்தவங்க சரிஞ்சாங்க. நான் பறந்தேன்."

"தும்மலா?"

"தன்னாலதான்னு அவளுக்கே தெரியாது. எல்லாரும் சேர்ந்து சரிஞ்சதாத்தான் நினைச்சிட்டு இருக்கா. நீ யாருகிட்டயும் சொல்லிடாதே. தெரிஞ்சா அவ அழுதே செத்துடுவா, தொட்டாச்சிணுங்கி."

தும்மல். இந்த எழவு எல்லாம் ஒரு தும்மலில் தொடங்கியது. அவர் சிரிக்க வேண்டுமா என்று யோசித்தார். பக்கத்தில் ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி எழ முயன்று, மறுபடி உட்கார்ந்தார். கூடத்தின் பெரிய ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குக் கோபமே வரலியா கொசு?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "வருது. ராத்திரில வரும். அப்புறம் யாரு மேல வெக்கறதுன்னு தெரியாது, போயிடும். உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது."

யாரிடமும் சொல்லாததை இவளிடம் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. கொசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் கால் மாதிரியா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். "டாக்டர் சொன்னாருல்ல, திரும்பி வர்றப்ப முதல்ல எரியுமாம்" என்றாள், அனுபவசாலி போல.

பயிற்சியாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கொசு நாற்காலியை நடைக்கம்பிகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போய்ப் பிரேக்கைப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்து எழுந்து நின்றாள். கைகள் நடுங்கின. மெக்கானிக் தன்னையறியாமல் எழுந்துபோய் அவளுக்குப் பின்னால் கைகளை விரித்து நின்றார்.

"சார், நீங்க தள்ளி நில்லுங்க," என்றார் பயிற்சியாளர். "நீங்க பின்னால நின்னா அவ உங்க மேல சாஞ்சுடுவா."

அவர் பெஞ்சுவரை பின்னால் வந்தார். கொசு இடது காலை எடுத்து வைத்தாள். வலது காலை இடுப்பிலிருந்து தூக்கி, பட்டை தரையில் உரச, முன்னால் இழுத்தாள். கம்பியின் அந்த முனை இன்னும் தூரத்தில் இருந்தது. பாதியில் நின்று, மூச்சு வாங்கி, "ஷூ கடிக்குதுப்பா!" என்று கத்தினாள்.

"எந்தக் காலு?"

"இடதுதான். வேற எந்தக் காலு கடிக்கும்?"

மறுநாள் அரை அளவு பெரிய ஷூ வாங்கி வருவதாக அவர் சொன்னார். அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.